மேலூர் வரை பார்த்த படம்

டிசம்பர் பிறந்துவிட்டால் சினிமாப் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். உங்களுக்கும் இந்நேரம் தொடங்கியிருக்கும். 'இந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள்' என்று மேலே ஒரு தலைப்பு, கீழே ஒன்று முதல் பத்து வரை எண்கள். பார்த்தால் சோறு வடிப்பதைவிட லேசான வேலையாகத்தான் தெரியும். நம் பேப்பரின் மதுரைப் பதிப்பில் பல வருடங்கள் அந்தப் பட்டியலைப் போட்டவள் சொல்கிறேன்: வருடம் முழுக்க எழுதிய விமர்சனங்கள் சேர்க்காத பகையை அந்த அரைப் பக்கம் ஒரே காலையில் சேர்த்துக் கொடுத்துவிடும்.

பட்டியல் வெளிவந்த மறுநாள் கோச்சடையில் நான் கீரை வாங்கப் போனால், கீரைக்காரம்மா கட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏன்த்தா, எங்காளு படத்த எட்டாவதாப் போட்டுட்டியே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்பார். பதில் சொன்னால்தான் கீரை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பங்குச் சாமியார் ஓரமாகக் கூப்பிட்டு, மூன்றாவது படத்துக்கும் நாலாவது படத்துக்கும் அப்படி என்னம்மா வித்தியாசம் என்று ரகசியமாகக் கேட்பார். அவருக்கு நாலாவது படம்தான் பிடித்திருக்கும்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னிடம், புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேரும் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள், "அக்கா, பட்டியல் எப்படிப் போடணும்?" என்று. எப்படிப் போட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படியெல்லாம் போடக் கூடாது என்பதில் மட்டும் நல்ல அனுபவம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

என் முதல் பட்டியலில் பதினொரு படங்கள் இருந்தன. எதையும் விட மனசில்லை. ஐந்தாம் இடத்துக்கு ஒரு படம், அதற்குக் கீழே 5-அ என்று இன்னொரு படம் போட்டு, பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட நினைப்பில் செய்தி ஆசிரியரின் மேசையில் கொண்டு போய் வைத்தேன். அவர் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அந்த ஒரு வயதை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. யாரையும் திட்டமாட்டார். நாம் எழுதியதை நம் முகத்துக்கு நேரே உரக்கப் படித்துக் காட்டுவார். அதற்குத் திட்டே தேவலாம் என்றிருக்கும்.

"அஞ்சு. அஞ்சு-அ" என்று படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இது பட்டியலா, இல்ல பஸ் ஸ்டாண்டு டைம் டேபிளா?"

"ரெண்டும் நல்ல படம் சார்."

"அம்புட்டும் நல்ல படம்னா நீ எதுக்கு? ஒண்ண எடு. எடுக்கையில வலிக்கணும். வலிக்கலைன்னா தப்பான படத்த எடுக்குறேன்னு அர்த்தம்."

எடுத்தேன். வலிக்கத்தான் செய்தது. அந்தப் படத்தை இன்றைக்கும் டிவியில் போட்டால் அதன் முகத்தில் முழிக்க முடியாமல் அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிறேன்.

இது சின்னக் கதை. பெரிய கதை, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நடந்தது. அதற்கு முன் உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஒரு தியேட்டரில், எங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த படத்தை ஜனவரி முதல் ஞாயிறு காலையில் எங்கள் வாசகர்களுக்காக இலவசமாகப் போடுவார்கள். 'வாசகர் காட்சி' என்று பெயர். பெரிய படத்துக்கு அது கழுத்தில் விழும் இன்னொரு மாலை. சின்னப் படத்துக்கு அதுதான் மூச்சு. கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் தியேட்டர் மேனேஜர் அதை இன்னொரு வாரம் ஓட்டுவார். ஊரில் பேச்சுக் கிளம்பும். அதனால் முதலிடம் என்பது வெறும் எண் இல்லை.

அந்த டிசம்பரில் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் எடுத்த முதல் படம் அதே தியேட்டரில் வெளியானது. அதைப் பஸ் படம் என்றே சொல்லிக்கொள்கிறேன். விவாகரத்துக் கையெழுத்துப் போட மதுரைக் கோர்ட்டுக்குப் போகும் ஒரு கணவனும் மனைவியும், தெரியாத்தனமாகக் கொட்டாம்பட்டியில் ஒரே பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அவள் முன்னால், அவன் ஐந்து வரிசை பின்னால். பஸ் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வது வரைக்கும்தான் படம். ஒன்றரை மணி நேரம்.

மத்தியானக் காட்சிக்குப் போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ் பாதி வழியில் மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நின்றது. திரையில் 'இடைவேளை' என்று விழுந்தது, விளக்குகள் எரிந்தன. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் மகளைப் பெண் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வருவதாக இருந்தது.

"அவுங்க வாடிப்பட்டி தாண்டிட்டாங்களாம். வீட்டுல பாலு கூட இல்ல. நீ எங்கதான் இருக்க?"

வண்டியூரிலிருந்து கோச்சடைக்கு ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஓடினேன். வந்தவர்கள் கேசரியும் வடையும் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுப் போன் பண்ணுகிறோம் என்றார்கள். அந்தப் போன் இன்றுவரை வரவில்லை. என் மகள் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பிறகு தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாள். அது வேறு விஷயம்.

விமர்சனத்துக்கு விட்டு வைத்த இடம் ஆபீஸில் காத்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குள் வேண்டும். பாதிதான் பார்த்தேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருடம் படம் பார்த்தவளுக்கு மிச்சக் கதை தெரியாதா என்ற திமிர்தான். கேசரிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன்: 'முதல் பாதி இயல்பு. இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு. எடிட்டர் கத்தரியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கலாம்.'

தொய்வு. இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் தொழிலில் அது சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, ருசி பார்க்காமலே போட்டுவிடுவோம். எந்தப் படத்தின் இரண்டாம் பாதிக்கும் பொருந்தும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நானும் நம்பியிருந்தேன்.

படத்தை மூன்றாம் நாளே தூக்கிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அதன் இயக்குநர் ஆபீஸுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். கோபமாக வந்தவர் மாதிரி தெரியவில்லை. எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிர்றேன்."

"கேளுங்க."

"ரெண்டாம் பாதின்னு எழுதிருக்கீங்க. அது எந்த எடத்துல ஆரம்பிக்குதுக்கா?"

"இடைவேளைக்கு அப்புறம். வேற எங்க ஆரம்பிக்கும்?"

"படத்துல இடைவேளையே இல்லியேக்கா. பஸ்ஸுக்கு ஏது இடைவேளை? ஒரே ஓட்டமா எடுத்தது. மேலூர்ல வண்டி நிக்கிறதப் பாத்துட்டு, பாப்கார்ன் விக்கிறதுக்குத் தியேட்டர்க்காரவுங்களா லைட்டப் போட்டுட்டாங்க." ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மேலூர்லயே எறங்கிட்டீங்களோக்கா?"

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து படம் பாக்குறேன். எனக்குப் படம் பாக்கச் சொல்லித்தர வந்துட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. இந்தத் தொழிலில் நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நியாயம் என் பக்கம் இருந்தபோது ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் பின்னால் ஏதோ எழுதி என் மேசையில் வைத்தார்.

"மேலூர் டு மாட்டுத்தாவணி டிக்கெட்டுக்கா. படத்துக்காக அடிச்சதுல மிச்சம். பின்னாடி படத்தோட லிங்க் எழுதிருக்கேன். நேரம் கெடைக்கையில மிச்ச தூரத்தையும் வந்து பாருங்க. வாரேன்."

அந்த டிக்கெட்டை நாலு நாள் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுக்கத் தைரியமில்லை. பட்டியல் கொடுக்க வேண்டிய நாள் காலையில்தான், காப்பி குடித்துக்கொண்டே மகளின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலூரில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறுகிறாள். பின்னால் குலுங்கும் என்று கண்டக்டர் முன்னால் இருக்கும் நம் கதாநாயகியை எழுந்திருக்கச் சொல்லி, அந்த இடத்தில் குழந்தைக்காரியை உட்கார வைக்கிறார். பஸ் முழுக்கக் கூட்டம். ஒரே ஒரு இடம்தான் காலி, அதுவும் அந்தக் கணவன் பக்கத்தில். இவள் தயங்குகிறாள். யார் எவர் என்று தெரியாத கண்டக்டர் சொல்கிறார்: "சும்மா உக்காருங்கக்கா. பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு." நானும் மகளும் வாய்விட்டுச் சிரித்தோம். அதற்கப்புறம் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒத்தக்கடை வரும்போது அவள் அசதியில் தூங்கிப் போகிறாள், தலை அவன் தோளில் சாய்கிறது. மாட்டுத்தாவணியில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவன் அசையவில்லை. கண்டக்டர் வந்து எறங்கலையா என்கிறார். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்: "இந்த வண்டிய மறுபடி கொட்டாம்பட்டிக்கு எப்பண்ணே எடுப்பீங்க?"

அவ்வளவுதான் படம். நான் அழுதுவிட்டேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதத்தான் நீ தொய்வுன்னு எழுதுனியா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது.

சரி, இனி பட்டியல். முதலிடத்துக்கு ஒரு பெரிய நடிகரின் படத்தை முடிவு செய்து, தியேட்டர் மேனேஜரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர் அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். பஸ் படத்தை முதலில் போட்டால், போன வாரம் நீயேதானே தொய்வு என்று எழுதினாய் என்று ஊரே கேட்கும். பார்க்காமல் எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் என் விமர்சனத்தை எவன் நம்புவான்? போடாமல் விட்டால் படம் அத்தோடு முடிந்தது. ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆறாவதாகப் போட்டேன். ஆறாவது இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

செய்தி ஆசிரியர் வழக்கம்போல் உரக்கப் படித்தார். ஆறு வந்ததும் நின்றார்.

"இது அந்தத் தொய்வு விழுந்த படமில்ல? ஆறாவதா எப்புடி வந்துச்சு?"

மேலூர், கேசரி, டிக்கெட் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"ஒம் மனசுல இது எத்தனாவது?"

"ஒண்ணு சார்."

"அப்ப இந்த ஆறு?"

"பயம்."

"பயத்துக்கெல்லாம் எடம் குடுக்க முடியாதும்மா. பத்தே எடந்தான் இருக்கு."

"ஏழாம் பக்கத்துல கீழ சின்னதா ஒரு திருத்தம் போட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"பேர்ல ஒரு கால் விட்டுப் போனா ஏழாம் பக்கம். பாதிப் படத்த விட்டுட்டு எழுதுனா, பட்டியல் வர்ற அதே பக்கம், அதே அளவு எழுத்து. நாப்பது நிமிசம் இருக்கு, போ."

நாற்பது நிமிடத்தில் மூன்று வரிதான் எழுதினேன். என் வாழ்க்கையில் அம்புட்டு மெதுவாக எதையும் எழுதியதில்லை. 'முதலிடம் இந்தப் படத்துக்கு. இதை மேலூர் வரை மட்டுமே பார்த்துவிட்டு விமர்சனம் எழுதினேன்; மிச்சத்தை இன்றுதான் பார்த்தேன். தொய்வு படத்தில் இல்லை, என்னிடம்தான்.' பெரிய நடிகர் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தார். இன்னும் நாலு படங்கள் ஒவ்வொரு படி கீழே இறங்கின. வலித்தது.

பட்டியல் வந்த அன்று போன் ஓயவில்லை. வண்டியூர் வாசகர் ஒருவர் ரொம்ப மரியாதையாக, "மத்த ஒம்போது படத்தையும் எந்த ஊரு வரைக்கும்மா பாத்தீங்க?" என்று கேட்டார். ஆபீஸில் லிப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "மேலூரெல்லாம் எறங்கு" என்பார். ஒரு வாரம் மானம் கப்பலேறியது. ஆனால் பாருங்கள், இனி உன்னை நம்பமாட்டேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மேனேஜரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"மூணு நாள்ல தூக்குன படத்த மறுபடி போடச் சொல்றீங்களேக்கா!"

"போடணும். அதோட, இடைவேளை விடாமப் போடணும்."

"என்னது? கேன்டீன்காரரு என்னைய உப்புக்கண்டம் போட்ருவாரு!"

டீயையும் போண்டாவையும் படத்துக்கு முன்னாலேயே விற்றுக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். மேனேஜர் கடைசியாக ஒன்று சொன்னார்: "ஜனம் முடிவு வரைக்கும் உக்காந்தா ஒரு வாரம் ஓட்டுறேன். நடுவுல எந்திரிச்சுப் போச்சுன்னா, அத்தோட பேச்ச விட்ருங்க." இயக்குநரிடம் போனில் இதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "சரிக்கா" என்றார். எதற்குச் சரி என்று புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிறைந்திருந்தது. ஆனால் பின் வரிசைகளில் பாதிப்பேர் அந்தப் பெரிய நடிகரின் ரசிகர்கள். தலைவர் படம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், வந்த பிறகுதான் விஷயம் தெரிந்து கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கதவோரம் நின்றார், உட்காரவே இல்லை. 

பஸ் மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. நின்றது. பளிச்சென்று விளக்குகள் எரிந்தன!

கம்ப்யூட்டரில் போன தடவை வைத்திருந்த இடைவேளையை எடுக்க ஆபரேட்டர் மறந்துவிட்டார். திரையில் 'இடைவேளை' என்று கொட்டை எழுத்து. கூட்டம் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டது. பின் வரிசைக்காரர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். போனால் வரமாட்டார்கள். இயக்குநர் கதவோரத்தில் அப்படியே சிலையாக நின்றார். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, தொண்டை கிழியக் கத்தினேன்:

"யாரும் எறங்காதீங்க! வண்டி நிக்காது! போலாம் ரைட்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை, பட்டுச் சேலையில். பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு ரசிகர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். தலைவருக்கு அடிக்கும் நீள விசில் இல்லை. கண்டக்டர் ஊதுவது மாதிரி, அளந்து இரண்டு. தியேட்டரே சிரித்தது. "ரைட் ரைட்!" என்று நாலா பக்கமும் குரல் கிளம்பியது. "ஏய் மாப்ள, உக்காருடா, வண்டி எடுத்துட்டாய்ங்க!" என்று ஒருவரை ஒருவர் இழுத்து உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் பஸ் கிளம்பியது.

அதற்கப்புறம் மாட்டுத்தாவணி வரைக்கும் ஒருத்தரும் எழவில்லை. "பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு" என்று கண்டக்டர் சொன்னபோது எழுந்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் கேட்கவே இல்லை. கடைசியில் அவன் வண்டியை மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டான். யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. பிறகு தட்டினார்கள், ரொம்ப நேரம். மேனேஜர் சொன்னபடி ஒரு வாரம் ஓட்டினார், அப்புறம் தானாகவே இன்னொரு வாரம். டிக்கெட் கவுண்டரில் ஒரு அட்டை தொங்கியது: 'இப்படத்திற்கு இடைவேளை இல்லை. டீ, போண்டா முன்பே கிடைக்கும்.'

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: பார்த்த தூரத்துக்கு மட்டும் எழுதுங்கள். பாதியில் இறங்க வேண்டி வந்தால், இறங்கிவிட்டேன் என்று எழுதுங்கள். வாசகர் பொறுத்துக்கொள்வார். பத்து இடத்தையும் பயமில்லாமல் நிரப்புங்கள். கீரைக்காரம்மாவிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகிவிடாது.

அன்று காட்சி முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தேன். இயக்குநர் இன்னும் அதே கதவோரத்தில்தான் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அருகில் போனதும், செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார்.

"டிக்கெட்டுக்கா?"

கைப்பையைத் திறந்து அந்த மேலூர் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை லேசாகக் கிழித்து என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"சரியாத்தான் வந்து எறங்கிருக்கீங்க" என்றார்.